கேமுக்கும் வீடியோ எடிட்டிங்குக்கும் கம்ப்யூட்டர்: காசை எங்கே போடுவது?

முகூர்த்த மாதங்கள் முடிந்து மழை பிடிக்கும் சமயத்தில், கேத்தி, எல்லநள்ளி, பாலாடா பக்கத்து உறுப்பினர்கள் சிலர் ஆண்டுதோறும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். ஸ்டுடியோ வைத்திருப்பவர், கல்யாண வீடியோ எடிட் செய்யக் கம்ப்யூட்டர் வாங்க வேண்டும் என்பார். மளிகைக் கடைக்காரரோ, பொறியியல் கல்லூரியில் படிக்கும் மகன் கேம் ஆடக் கம்ப்யூட்டர் கேட்கிறான், அதிலேயே கடைக் கணக்கும் பார்த்துக் கொள்ளலாமா என்பார். இருவர் கையிலும் இருப்பது ஏறத்தாழ அறுபது, எழுபது ஆயிரம். கீழே போய் விசாரித்தால் இருவருக்கும் 'காம்போ' என்று ஒரே பெட்டியைத்தான் காட்டுகிறார்கள். முன்பக்கம் கண்ணாடி, உள்ளே ஆறு வண்ண விளக்கு.

இரண்டு வேலைக்கும் ஒரே பெட்டி சரிவராது என்பதல்ல நமது வாதம். சரிவரும். ஆனால் கையிருப்பு அளவாக இருக்கும்போது எந்தப் பாகத்துக்கு எவ்வளவு ஒதுக்குவது என்பது வேலைக்கு வேலை மாறும். விற்பவர் அதைக் கேட்பதில்லை, வாங்குபவரும் சொல்வதில்லை.

நமக்குத் தெரிந்த ஸ்டுடியோக்காரத் தம்பி ஒருவர் இப்படித்தான் ஒரு காம்போ வாங்கி வந்தார். 'மூன்றாம் பிறை' படத்தின் கடைசிக் காட்சி எடுத்த ஊர் என்பதால், கேத்தி ரயிலடியில் ஜோடியை நிறுத்திப் படம் எடுக்கச் சொல்லாத மாப்பிள்ளை வீடு குறைவு. அவரும் இரண்டு கேமராவில் 4கே தரத்தில் எடுத்து வந்து கம்ப்யூட்டரில் ஏற்றினார். படம் ஓடவில்லை; நின்று நின்று நகர்ந்தது. பத்து நாளில் தர வேண்டிய வீடியோ ஐம்பதாவது நாள்தான் கைக்குப் போனது. பாக்கித் தொகையில் பாதியைப் பெண் வீட்டார் பிடித்துக் கொண்டார்கள். புது மெஷின் வாங்கக் கடன் கேட்டுத்தான் அவர் நம்மிடம் வந்தார். பெட்டியைத் திறந்து பார்த்தபோது, கிராஃபிக்ஸ் கார்டு நன்றாகவே இருந்தது. ராம் மட்டும் ஒரே ஒரு 8 ஜி.பி. குச்சி. எஸ்.எஸ்.டி. 256 ஜி.பி., அதுவும் முக்கால்வாசி நிறைந்திருந்தது. கடன் தேவைப்படவில்லை. ராமும் எஸ்.எஸ்.டி.யும் மாற்றி, கீழே சொல்லப்போகும் 'பிராக்ஸி' முறையைக் கற்றுக்கொண்டார். அதே மெஷினில்தான் இன்றும் வேலை செய்கிறார்.

லாரி எவ்வளவு புதிதாக இருந்தாலும் பர்லியாரில் மண் சரிந்தால் கேரட் மூட்டை மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகாது. கம்ப்யூட்டரும் அப்படித்தான். எங்கே நிற்கிறது என்று கண்டுபிடித்து அங்கே காசைப் போட வேண்டும். ஏற்கெனவே ஒரு மெஷின் வைத்திருப்பவர்கள், புதிது வாங்குவதற்கு முன் இதைச் செய்து பார்க்கலாம். வழக்கமான வேலையை ஓடவிட்டு, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' வரும். அதில் பிராசஸர், மெமரி, டிஸ்க், ஜி.பி.யு. என்ற நான்கில் எது நூறு சதவீதத்தை ஒட்டி நிற்கிறதோ, அதுவே நமது பர்லியார்.

எடிட்டிங்குக்கு என்ன வேண்டும்

முதலில் இடம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். வினாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் 4கே வீடியோ ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. பிடிக்கும். இரண்டு கேமரா, ஒவ்வொன்றிலும் ஆறு மணி நேரம் என்றால் 540 ஜி.பி. ஒரே கல்யாணத்துக்கு இவ்வளவு. ஊட்டி இந்து நகரில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் கம்பெனி ஓடிய காலத்தில் நம் போட்டோகிராபர்கள் ஃபிலிம் ரோலை எண்ணித்தான் ஷட்டரை அமுக்கினார்கள். இன்று பந்தியில் இலை எடுக்கும் வரை கேமரா அணைவதில்லை. எனவே 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. உள்ள எந்தக் காம்போவும் எடிட்டிங்குக்கு ஆகாது. நடப்பு வேலைக்கு 1 டி.பி. என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி. ஒன்று, முடிந்த வேலைகளைச் சேமிக்கப் பழைய வகை ஹார்டு டிஸ்க் 4 டி.பி. ஒன்று என்பது சரியான ஏற்பாடு. ஹார்டு டிஸ்க் வினாடிக்கு 150 முதல் 200 எம்.பி. வரைதான் படிக்கும்; சாதா என்.வி.எம்.இ.யே 2,000, 3,000 எம்.பி. படிக்கும். அதனால் ஹார்டு டிஸ்கைக் கிடங்காக வைத்துக் கொள்ள வேண்டும், கடையின் முன்பலகையாக அல்ல. முடிந்தால் இன்னொரு ஹார்டு டிஸ்கில் மறுபிரதி எடுத்து வேறு வீட்டில் வைக்க வேண்டும். ஒருவர் வீட்டுக் கல்யாணத்தை நாம் மறுபடி நடத்தித் தர முடியாது.

அடுத்து ராம். எடிட்டிங்குக்கு 32 ஜி.பி. இருந்தால் நிம்மதி, 16க்குக் கீழே வேண்டாம். ஒரே குச்சியாக வாங்காமல் இரண்டாக வாங்கினால் போக்குவரத்து இருவழிச் சாலையாகிறது.

பிராசஸரில் நம்மவர்கள் கவனிக்காமல் விடும் ஓர் எழுத்து உண்டு. இன்டெல் ஐ5-12400 என்றும், ஐ5-12400எஃப் என்றும் இரண்டு வரும். எஃப் போட்டது கொஞ்சம் மலிவு. அதற்குள் கிராஃபிக்ஸ் பகுதி கிடையாது. கேமுக்குத் தனிக் கார்டு போடுபவருக்கு அது நஷ்டமில்லை. எடிட்டருக்கு நஷ்டம்தான். புதிய மிரர்லெஸ் கேமராக்களில் 10 பிட், 4:2:2 என்று ஒரு பதிவு முறை உண்டு. நிறம் திருத்துவதற்கு நல்லது என்று அதில் எடுக்கிறார்கள். அதை ஹெச்.265 முறையில் சுருக்கிப் பதிவு செய்தால், என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 30, 40 வரிசைக் கார்டுகளால் அதை நேரடியாக விரிக்க முடியாது. 2025இல் வந்த 50 வரிசையால்தான் முடியும். ஆனால் இன்டெலின் 12ஆம் தலைமுறைப் பிராசஸருக்குள் இருக்கும் சிறிய கிராஃபிக்ஸ் பகுதி அந்த வேலையைச் சுலபமாகச் செய்துவிடும். கொஞ்சம் பணம் மிச்சம் பிடிக்கப் போய் எஃப் வாங்கியவர், பிறகு பெரிய கார்டு வாங்க நேரிடும். அதனால் பிராசஸரைத் தேர்ந்தெடுக்கும் முன் எந்தக் கேமராவில், எந்த முறையில் எடுக்கிறோம் என்பதை எழுதி எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது நல்லது.

இனி பிராக்ஸி. ஒவ்வொரு 4கே கோப்புக்கும் தரம் குறைந்த சிறிய நகல் ஒன்றை மென்பொருளே செய்து வைத்துக் கொள்ளும். நாம் அந்த நகலில் வெட்டி ஒட்டுவோம். கடைசியில் வீடியோவை வெளியே எடுக்கும்போது அசல் கோப்பு தானாக வந்து உட்காரும். இரவு படுக்கப் போகும்முன் நகல் எடுக்க விட்டுவிட்டால் காலையில் தயார். பிரீமியரிலும் உண்டு, டாவின்சி ரிசால்விலும் உண்டு. ரிசால்வின் இலவசப் பதிப்பே 3840 x 2160 அளவு வரை வீடியோவை வெளியே எடுத்துத் தரும். நம் தொழிலுக்கு அது தாராளம். பத்தாயிரக்கணக்கில் செலவழித்துத் தீர்க்க நினைக்கும் தொல்லையைச் செலவில்லாமல் தீர்க்கும் வழி இது. ஆனால் பலரும் கடைசியில்தான் இதற்கு வருகிறார்கள்.

மானிட்டரில் மிச்சம் பிடிக்க வேண்டாம். ஐ.பி.எஸ். பலகையாகவும், எஸ்.ஆர்.ஜி.பி. நிறங்களை ஏறக்குறைய முழுமையாகக் காட்டுவதாகவும் இருக்க வேண்டும். நம் பகுதியில் இதற்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது. படுகர் வீட்டு விசேஷங்களில் வெள்ளை உடைதான் அதிகம். ஹெத்தையம்மன் பண்டிகையில் கூட்டம் முழுவதுமே வெள்ளை. மட்டமான மானிட்டரில் வெள்ளை நீலம் பாய்ந்து தெரியும். அதைப் பார்த்துத் திருத்தினால் வாடிக்கையாளர் வீட்டு டி.வி.யில் அத்தனை பேரும் மஞ்சளாக நிற்பார்கள்.

கேமுக்கு என்ன வேண்டும்

பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைப் பற்றி இங்கே பேசவில்லை. அவற்றை மத்திய அரசு 2025 ஆகஸ்டில் தனிச் சட்டம் இயற்றித் தடை செய்துவிட்டது. பிள்ளைகள் ஆடும் வாலரன்ட், கவுன்டர் ஸ்டிரைக் போன்றவற்றைத்தான் சொல்கிறோம்.

இங்கே நூறு ரூபாயில் முப்பத்தைந்து, நாற்பது ரூபாய் கிராஃபிக்ஸ் கார்டுக்கே போகும். எடிட்டிங் மெஷினில் அதே கார்டுக்குப் பதினைந்து, இருபது போதும்; மிச்சம் ராமுக்கும் எஸ்.எஸ்.டி.க்கும் பிராசஸருக்கும் போக வேண்டும். காம்போ பெட்டிகள் பெரும்பாலும் கேம் கணக்கில் அமைந்தவை என்பதால்தான் அந்த ஸ்டுடியோத் தம்பி மாட்டிக்கொண்டார்.

கார்டு வாங்கும்போது நம்மவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறோம். குன்னூர் ஏலத்தில் மூட்டையில் எஸ்.ஆர்.டி. என்று ஒரே எழுத்து இருந்தாலும், இரண்டு ஃபாக்டரித் தூள் ஒன்றாகாது என்பதைச் சாம்பிள் பார்த்துத் தெரிந்து கொள்கிறோம். கார்டிலும் அதே கதை. ஆர்டிஎக்ஸ் 3050 என்ற பெயரில் 2022இல் வந்தது 8 ஜி.பி.; 2024இல் அதே பெயரில் வந்த 6 ஜி.பி. கார்டில் மெமரி மட்டுமல்ல, உள்ளே உள்ள கோர்களும் குறைவு. ஆர்டிஎக்ஸ் 3060இலும் 12 ஜி.பி. ஒன்று, பிறகு வந்த 8 ஜி.பி. ஒன்று. ஜி.டி. 1030 என்ற சிறிய கார்டு இன்னும் மோசம். டி.டி.ஆர்.4 மெமரி போட்டு 2018இல் வந்த வகையின் மெமரி வேகம், பழைய வகையில் மூன்றில் ஒரு பங்குதான். பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது ஒரே பெயர். வித்தியாசம் பொடி எழுத்தில் இருக்கும். பில்லில் மெமரி அளவையும் முழு மாடல் எண்ணையும் எழுதி வாங்க வேண்டும். இதற்கு மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

1080 அளவு மானிட்டரில் ஆடுபவருக்கு ஆர்எக்ஸ் 6600 போன்ற 8 ஜி.பி. கார்டு இன்றும் வேலை செய்யும். எடிட்டிங்கும் சேர்த்துப் பார்ப்பவர் 12 ஜி.பி. கார்டு தேடுவது நல்லது. பிராசஸருக்கு ரைசன் 5 5600 போன்ற ஆறு கோர் போதும். மகன் 'லிக்விட் கூலர்' என்று ஆரம்பிப்பான். அதற்கான பதிலைக் குளிர் பற்றிச் சொல்லும்போது தருகிறோம்.

பழைய சரக்கு

செகண்ட் ஹேண்டில் நல்லதும் உண்டு. ஆனால் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறையாவது வேண்டும். கம்பெனிகள் கழித்துவிட்ட 4ஆம், 6ஆம் தலைமுறை மெஷின்களில் ஒரு கார்டைச் சொருகி 'கேமிங் பி.சி.' என்று விற்பது இன்னும் நடக்கிறது, அது வேண்டாம். வாலரன்ட் விண்டோஸ் 11இல் டி.பி.எம். 2.0, செக்யூர் பூட் இரண்டும் இல்லாமல் திறக்கவே திறக்காது.

இரண்டாவது, கார்டு எங்கே உழைத்தது என்பது. எதீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தைக் கார்டு வைத்து 'தோண்டும்' வழக்கம் 2022 செப்டம்பரில் நின்றது. அதுவரை இரவும் பகலும் ஓடிய கார்டுகள் அதன்பின் சந்தையில் வந்து குவிந்தன. அவை இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. ஃபேன் சத்தத்தைக் கேட்டு, அரை மணி நேரமாவது கேம் ஓட்டிப் பார்க்காமல் பணம் தரலாகாது.

மூன்றாவது, இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை உயர்ரகப் பிராசஸர்கள். அதிக வோல்டேஜ் ஏறி அவற்றில் சில பழுதானதாக 2024இல் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டு, திருத்தமும் கூடுதல் வாரண்டியும் கொடுத்தது. பழையதாக வாங்கினால், போர்டின் பயாஸ் அதற்குப் பின் புதுப்பிக்கப்பட்டதா என்று கேட்க வேண்டும். ஏற்கெனவே பழுதான பிராசஸரைப் புதுப்பிப்பு சரிசெய்யாது.

மலைக்கு ஏற்ற கணக்கு

சமவெளிக் கடைக்காரர் சொல்லாதது இது. கேத்தி சுமார் 2,000 மீட்டர் உயரம். இங்கே காற்றின் அடர்த்தி கடலோரத்தை விட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் குறைந்த காற்றைத்தான் தள்ளும். ஆனால் அறையே பதினைந்து, இருபது டிகிரியில் இருப்பதால் அந்தக் குறை ஈடாகிவிடுகிறது. எனவே 65 வாட் பிராசஸருக்கு லிக்விட் கூலர் வேண்டியதே இல்லை. பெட்டியோடு வரும் கூலரும், கேபினெட்டில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு ஃபேனும் போதும். அதில் மிச்சமாகும் பணத்தை எஸ்.எஸ்.டி.யில் போடலாம்.

நம் எதிரி வெயில் அல்ல, ஈரம். பனிமூட்டம் அறைக்குள் வரும் வீடுகளில் கேபினெட்டைத் தரையில் வைக்கக் கூடாது. விறகடுப்புப் புகை எட்டும் இடத்திலும் வைக்கக் கூடாது. புகைப் பிசுக்கு ஃபேனில் ஒட்டினால் துடைத்து முடியாது. பாகங்களைக் குளிரில் வண்டியில் கொண்டுவந்தால் உடனே பிரித்து மாட்டாமல், அறைச் சூட்டுக்கு வர இரண்டு மணி நேரம் அப்படியே விட வேண்டும். இல்லையென்றால் கண்ணாடியில் படிவது போல் போர்டிலும் நீர் படியும். மாதக்கணக்கில் மெஷினைப் போடாமல் வைப்பதும் நல்லதல்ல. தினம் சற்று நேரம் ஓடினால் அதன் சூடே ஈரத்தை விரட்டும்.

கரண்ட் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. காம்போவில் பெரும்பாலும் ஏமாற்றப்படும் இடம் பவர் சப்ளைதான். 500 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டிய இலேசான பெட்டி உண்மையில் பாதி கூடத் தாங்காது. பெயருள்ள கம்பெனியின் 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரை பெற்ற 550 வாட் நாம் சொன்ன பாகங்களுக்கு ஏராளம். சில பவர் சப்ளை, சார்ஜர்களில் மலை போன்ற படத்துடன் 2000 மீ. என்று ஒரு சின்ன முத்திரை இருக்கும். 2,000 மீட்டர் உயரத்துக்குள் மட்டும் பயன்படுத்தச் சோதிக்கப்பட்டது என்று அதற்குப் பொருள். கேத்திக்காரர்கள் 5,000 மீட்டர் என்று போட்டதைத் தேடிப் பார்ப்பது நல்லது. யு.பி.எஸ். 600 வி.ஏ. என்றால் பெரும்பாலும் 360 வாட்தான் தரும். கேம் ஓடும்போது கரண்ட் போனால் அது மெஷினையும் சேர்த்து அணைத்துவிடும். 1000 வி.ஏ. வேண்டும். எல்லாவற்றுக்கும் முன் வீட்டு எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்க வேண்டும். பழைய லைன் வீடுகள் பலவற்றில் மூன்றாவது துளை வெறும் அலங்காரம்தான்.

விலையும் பில்லும்

இங்கே விலைப் பட்டியல் தரவில்லை. இந்தச் சந்தையும் நம் காய்கறி மண்டி போலத்தான். 2011இல் தாய்லாந்தில் வெள்ளம் வந்தபோது உலகமெங்கும் ஹார்டு டிஸ்க் விலை ஏறியது. 2025இன் கடைசி மாதங்களில் ஏ.ஐ. டேட்டா சென்டர்களுக்காகத் தயாரிப்பாளர்கள் மெமரியைத் திருப்பிவிட, ராம் விலை கிடுகிடுவென்று உயர்ந்தது, எஸ்.எஸ்.டி.யும் தொடர்ந்தது. இப்படிப்பட்ட சமயத்தில் டி.டி.ஆர்.4 ராம் கையில் இருப்பவர் டி.டி.ஆர்.5 போர்டு வாங்கலாகாது. ஒன்று மற்றொன்றில் பொருந்தாது. பழைய ராம் வீணாகும். நம்மில் இப்பாகங்களை விற்கும் உறுப்பினர்களும், ஏறுகிறதே என்று கார்டுகளை அடுக்கி வைக்க வேண்டாம். புது வரிசை அறிவிப்பு வந்தால் ஒரே வாரத்தில் சரக்கு பழசாகிவிடும். அட்வான்ஸ் வாங்கி வரவழைத்துக் கொடுப்பதே பாதுகாப்பு.

பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். "பில் இல்லாமல் என்றால் குறைத்துத் தருகிறேன்" என்ற பேச்சு வரும். ஸ்டுடியோக்காரர் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவராக இருந்து தொழிலுக்கு வாங்கினால், அந்த வரியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக் கொள்ளலாம். பில் இல்லாமல் வாங்கினால் அதுவும் போய், வாரண்டியும் போகும். பில்லில் நமது ஜி.எஸ்.டி. எண் ஏறியிருக்க வேண்டும். காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. மகன் கேம் ஆட வாங்கியதைக் கடைக் கணக்கில் காட்டுவதற்கும் சட்டத்தில் இடமில்லை. கேட்கப்போகும் உறுப்பினர்களுக்காக முன்கூட்டியே சொல்லி வைக்கிறோம்.

பிராசஸரைப் பெட்டியோடு வாங்க வேண்டும். பெட்டியில்லாமல் 'ட்ரே' என்று தருவதற்கு உற்பத்தியாளர் நேரடியாகப் பொறுப்பேற்பதில்லை. கடைக்காரர் வாய்ச்சொல்தான் வாரண்டி. ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் பில்லில் இருக்கட்டும். மாட்டியதும் முதல் வாரத்திலேயே ஒரு நாள் முழுக்க முழு வேலையில் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். கடையில் மாற்றித் தரும் நாட்கள் கடந்துவிட்டால், பழுதான பாகத்தைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கிச் சர்வீஸ் சென்டருக்குப் போய் வர ஒரு நாள் கடையடைப்புத்தான். காலி அட்டைப் பெட்டிகளை அடுப்பெரிக்க எடுத்துவிடாமல் வாரண்டி முடியும் வரை பரணில் போட்டு வைக்கும்படி வீட்டில் சொல்லி வைக்கவும்.